ஒட்டகத்தின் கீழே செல்லையா மாமா

கதவைத் திறந்ததும் காடி வாசம்தான் முதலில் வந்தது. மூக்கின் உள்தோலை லேசாகக் கிள்ளுகிற புளித்த வாசம். வெளியே தார் உருகும் வெயில். உள்ளே குளிர்ந்த அறை, வரிசை வரிசையாகச் சாம்பல் நிற அட்டைப்பெட்டிகள். லாஸ் வேகஸ் நகரத்தில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் ஆவணக் காப்பகம் அது.

“பழைய நெகட்டிவ்கள்,” என்றார் அங்கிருந்த பெண்மணி, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில். “வயதாக ஆக வினிகராக மாறிவிடுகின்றன. ஜன்னலைத் திறக்கவும் வழியில்லை.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு எட்டு வயதாகிவிட்டது. பம்பாய்த் தாராவியில், எங்கள் சந்தில், பேச்சி அத்தை ஒரு பழுப்பு உறையைப் பிரிக்கிறாள். சுற்றிலும் இருபது தலைகள். கப்பல்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தாராம், அமெரிக்காவிலிருந்து அவள் புருஷன் செல்லையா மாமா அனுப்பிய புகைப்படம். அது கை மாறி கை மாறி என்னிடம் வந்தபோது நான் பார்க்கவில்லை, முகர்ந்தேன். கையில் எது கிடைத்தாலும் முகர்கிற பிள்ளை நான். இதே வாசம். “ஏல, அது என்ன மீன்கொழம்பா?” என்று யாரோ என் கையிலிருந்து பிடுங்கினார்கள்.

அந்தப் புகைப்படம்தான் இப்போது ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், என் சட்டைப் பைக்குள், பாலைவனத்துக்கு வந்திருந்தது.

நான் வந்தது வேறு வேலையாக. என் அக்கா மகள் செல்வி இங்கே நர்ஸ். முதல் பிரசவம். அக்காவின் முழங்கால் விமானம் ஏறாது என்று சொல்லிவிட்டதால், பிரசவ லேகியத்தையும் சுக்குப் பொடியையும் சுமக்கிற பொறுப்பு செம்பூரில் தனியாகக் கிடக்கிற தாய்மாமன் தலையில் விழுந்தது. எனக்கும் கால் அரித்துக்கொண்டுதான் இருந்தது. எழுதுகிறவன் நான்; ஒரு ஊரில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தால் என் வாக்கியங்கள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலைசாய்த்துத் தூங்க ஆரம்பித்துவிடும்.

கிளம்புகிற வாரம் தங்கம் வந்தாள். செல்லையா மாமாவின் மகள், என்னோடு ஒரே தண்ணிப் பைப்பில் குடத்துக்கு அடித்துக்கொண்டு வளர்ந்தவள். இப்போது வடாலாவில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல். புகைப்படத்தை என் கையில் வைத்தாள்.

“நீ போற ஊருதாம்லே இது. அந்தக் கட்டடத்தைக் கண்டுபிடிச்சு பெருசா ஒரு படம் கொண்டா. டாக்டரு அப்பாவுக்கு ரொம்ப நாள் சொல்லல.”

“சரி தங்கம்.”

“இன்னொண்ணு. அம்மா செத்தப்போ அவரால வரமுடியல. அம்புட்டுத் தூரம். அத வச்சுத்தான் நான் அவர மன்னிச்சேன். அந்தத் தூரம் எப்படி இருக்குன்னு ஒரு மட்டம் பாத்துட்டு வந்து சொல்லு.”

விடைபெறப் போனபோது மாமா கட்டிலில் சாய்ந்திருந்தார். மூன்று வருஷம் அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்து, முப்பது வருஷம் மாட்டுங்காவில் ஒரு பில்டிங்கில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருந்தவர். ‘அமெரிக்கா செல்லையா’ என்றால்தான் தாராவியில் வழி காட்டுவார்கள். அமெரிக்கா போனவன் ஏன் வாட்ச்மேன் ஆனான் என்று கேட்டால், இடது கையைக் காட்டுவார்கள். இரண்டு விரல்கள் உள்நோக்கி மடங்கியிருக்கும். அங்கே மெஷினில் மாட்டிக்கொண்டதாம். அந்தக் கையைத் துண்டுக்குள்ளேயே வைத்திருப்பார்.

வலது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். “அங்கன போயி தேடிக்கிட்டு அலையாத மருமவனே. அதெல்லாம் இடிச்சிருப்பானுவ.”

அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள், விமான நிலையத்திலேயே சூதாட்ட மெஷின்கள் வரிசையாக நின்று பாடிக்கொண்டிருந்தன. பெட்டிகள் வருவதற்குள் ஒரு பாட்டி இரண்டு மெஷின்களை ஒரே நேரத்தில் இயக்கிக்கொண்டிருந்தார், இரட்டைப் பிள்ளைகளுக்குச் சோறூட்டுகிற மாதிரி. என் பெட்டிக்குள் லேகிய டப்பாவின் மூடி திறந்துகொண்டுவிட்டது. சுங்க அதிகாரி லேகியம் அப்பிய என் வேட்டியைப் பெட்டியிலிருந்து தூக்கிப் பார்த்தார், மோந்து பார்த்தார், இன்னொருவரைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னார். “இது என்ன?” என்றார்.

“பிள்ளை பெற்றவள் சாப்பிடுவது.”

“பாவம் அவள்,” என்று விட்டுவிட்டார்.

செல்வியின் வீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வெளிர் மஞ்சள் சுவர்கள், வெளிர் மஞ்சள் மலைகள், வெளிர் மஞ்சள் வானம். ஊரையே யாரோ ஒரே வாளி டிஸ்டம்பரில் அடித்து முடித்த மாதிரி. டின் தக்காளியில் ரசம் வைத்திருந்தாள். ரசம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதற்குத் தான் ரசம் என்று தெரிந்திருக்கவில்லை. வேட்டியில் ஒட்டியிருந்த லேகியத்தைக் கரண்டியால் வழித்துக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு நக்கினாள். “மாமா, அம்மா கிச்சன்ல நிக்கிற மாதிரி இருக்கு,” என்றாள். அவள் கண் ஓரத்தில் தண்ணீர்.

இரண்டாம் நாள் பஸ்ஸில் கிளம்பினேன். காப்பகம் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு ஒரே பஸ், நேர் ரோடு என்று செல்வி சொல்லியிருந்தாள். இங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடும். ஐம்பது வருஷமாக இடது பக்கம் நின்று பழகிய உடம்பு இடது பக்கமே போய் நின்றது. வந்த பஸ் எதிர்த்திசையில் போகிறது என்பது, வீடுகள் முடிந்து, மரங்கள் முடிந்து, கடைசியில் சாலையோரக் குப்பைகூட முடிந்துபோன பிறகுதான் எனக்கு உறைத்தது.

எனக்கு முன்னால் இரண்டு பெண்கள், ஓட்டல் துப்புரவுச் சீருடையில்.

“நேற்றும் அவள் என் சூதாட்ட மெஷினில் உட்கார்ந்திருந்தாள்.”

“எழுப்ப வேண்டியதுதானே?”

“எழுப்பினேன். மெஷினில் உன் பேர் எழுதியிருக்கா என்று கேட்கிறாள்.”

பம்பாயில் எட்டு பதினேழு லோக்கல் ரயிலில், லேடீஸ் பெட்டியிலிருந்து தினமும் சீட்டுக்காக இதே சண்டை தடுப்புக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்கும். நான் சிரித்துவிட்டேன். இருவரும் திரும்பி முறைத்தார்கள்.

கடைசி நிறுத்தத்தில் டிரைவர் எஞ்சினை அணைத்தார். எத்தியோப்பியர், நரைத்த தாடி. “ஐயா, இதற்கு மேல் ஊர் இல்லை,” என்றார். இறங்கிப் பார்த்தேன். மண். மண்ணுக்குப் பின்னால் மண். காற்றில் ஒரு பிளாஸ்டிக் பை போய்க்கொண்டிருந்தது, அவசரமே இல்லாமல். அந்த இடத்தில் நின்று செல்லையா மாமாவை நினைத்தேன். மகளின் முகம் வேண்டும் என்று தோன்றிய நாளில் இந்த மண்ணைத்தானே பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்? பேச்சி அத்தை மஞ்சள்காமாலையில் செத்துப்போனாள் என்ற கடிதத்தை இந்த வெயிலில்தானே வாசித்திருப்பார்? தங்கம் கேட்ட தூரம் இதுதான் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன். டிரைவர் தன் டப்பாவைத் திறந்து புளித்த தோசை மாதிரி ஒன்றைப் பிய்த்துப் பாதி கொடுத்தார். தோசையேதான், எத்தியோப்பியாவில் பிறந்த தோசை. இருவரும் பஸ் படியில் உட்கார்ந்து தின்றோம்.

திரும்பி வருவதற்குள் காப்பகம் மூடிவிட்டது. கால் போன போக்கில் ஒரு பெரிய சூதாட்ட விடுதிக்குள் நுழைந்தேன். உள்ளே வானம் வரைந்திருந்தார்கள். கூரையெங்கும் நீலமும் மேகமும். வாய்க்கால் வெட்டிப் படகு விட்டிருந்தார்கள். கடிகாரம் கிடையாது, ஜன்னல் கிடையாது. எங்கள் சந்துகளிலும் பகலில் விளக்குப் போட்டால்தான் படி தெரியும். ஆனால் யாரும் எங்களுக்கு மேலே வானம் வரைந்து தந்ததில்லை. ஒரு பெண் அந்தப் பொய் வானத்தின் கீழ் குடையை விரித்துப் படம் எடுத்துக்கொண்டாள். கணவன், “இன்னும் கொஞ்சம் இடது பக்கம், மேகத்துக்கு நேரே,” என்றான். இந்த ஊரே போட்டோ ஸ்டுடியோவில் பின்னால் தொங்கவிடுகிற ஒரு திரை என்று நோட்டில் எழுதினேன். எழுதும்போது அது வெறும் உவமை.

மூன்றாம் நாள்தான் அந்தக் காடி வாசம்.

காப்பகத்துப் பெண்மணியின் பெயர் டோலோரஸ். அறுபது இருக்கும். கழுத்தில் சங்கிலியில் கண்ணாடி, ஜடையில் செருகிய பென்சில். பேனாவைப் பிடுங்கிக்கொண்டு பென்சில் கொடுத்தார். பையையும் வாங்கிப் பூட்டினார். மேசையில் பச்சைத் துணி விரித்து, அதன்மேல் புகைப்படத்தை வைக்கச் சொன்னார்.

“ஓ, ஒட்டகம்!” என்றார். குரல் பத்து வயது குறைந்தது.

படத்தில் செல்லையா மாமா கோட்டுப் போட்டு நிற்கிறார். வலது கையில் தொப்பி. இடது கை கோட்டுப் பைக்குள். பின்னால் விளக்குகளால் இழைத்த ஒரு முகப்பு, அதன் உச்சியில் பல்பு பல்பாகக் கோத்த ஒரு ஒட்டகம். வலப்பக்கம், கவிழ்த்து வைத்த இட்லிச் சட்டி மாதிரி ஓர் உருண்டைக் கட்டடம். கல்லூரி நாளில் ஏதோ ஒரு பத்திரிகையில் அந்த ஒட்டகத்தைப் பார்த்துவிட்டு, “மாமா, ஒங்க ஊரு லாஸ் வேகஸ்!” என்று ஓடிப்போய்ச் சொன்னவனே நான்தான். “ஆமா, அதாம் பேரு,” என்றார் அன்று, மறந்துபோனதை நினைவுபடுத்தியவனைப் பார்க்கிற மாதிரி.

டோலோரஸ் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். கேசினோக்கள். ஒவ்வொரு படமாக எடுத்து வைத்தார், சீட்டு போடுகிற மாதிரி. அப்போதுதான் கட்டிய கூரைகள், எஜமானர்கள் மாதிரி நிற்கிற கார்கள், நீச்சல்குளத்தில் சிரிக்கிற பெண்கள். யாருக்கும் இன்னும் வயதாகவில்லை. கட்டடங்களுக்குப் பின்னால் வெறும் பாலைவனம் பொறுமையாகக் காத்திருந்தது. ஏழாவது படத்தில் ஒட்டகம் எழுந்து நின்றது.

“இதை வெடி வைத்துத் தகர்த்தபோது நான் அப்பாவோடு கூட்டத்தில் நின்று பார்த்தேன்,” என்றார். “இந்த ஊரில் கட்டடம் இடிப்பதும் ஒரு திருவிழா. எல்லோரும் கைதட்டினோம். வீட்டுக்கு வந்ததும் அழுதேன்.”

“எங்கள் தாராவியிலும் இடிக்கப்போகிறோம் என்கிறார்கள். இன்னும் யாரும் கைதட்டவில்லை,” என்றேன்.

இரண்டாவது பெட்டி பல்கலைக்கழக வளாகக் கட்டடங்கள். அதில் அந்த இட்லிச் சட்டி கிடைத்தது. “அட, இது நம்முடையது. இதோ,” என்று ஜன்னல் திரையை விலக்கினார். வெளியே வெயிலில் அது உட்கார்ந்திருந்தது, உருண்டையாக, அப்படியே. என் மயிர்க்கால்கள் எழுந்து நின்றன. மாமா இங்கேதான் நின்றிருக்கிறார். படத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடி, ஒட்டகம் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று தேடினேன்.

 திரும்பினால், டோலோரஸ் பென்சிலை ஜடையிலிருந்து எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார்.

“ஒட்டகம் இந்தப் பக்கமே இல்லை,” என்றார் மெதுவாக. “அது ஊரின் மறுகோடி. ஒரு மணி நேர நடை. இந்த இரண்டும் ஒரே படத்தில் வர முடியாதே.”

பூதக்கண்ணாடி விளக்கைப் படத்தின் மேல் இழுத்தார். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“வாசலில் தொங்குகிறதே, இது என்ன? காற்று மணியா? எங்கள் படத்தில் இல்லை.”

நான் குனிந்தேன். மாமாவின் தோளுக்கு மேலே, கேசினோவின் வாசல் நிலையில் ஒரு நூல். நூலில் உருண்டையாக ஒன்று. அதன்கீழ் நீள நீளமாக, வரிசையாக ஏழு.

எலுமிச்சம்பழம். பச்சை மிளகாய்.

டோலோரஸ் என் முகத்தைப் பார்த்தார். விளக்கை என் பக்கம் நகர்த்திவிட்டு, தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி எழுந்து போனார்.

நாற்பது வருஷத்துக்கு மேலாகப் பார்த்திருக்கிறேன். கண்ணில் பட்டதே இல்லை. பம்பாயில் எந்த வாசலில்தான் அது தொங்கவில்லை? சனிக்கிழமைதோறும் புதிதாகக் கட்டி, பழையதை ரோட்டில் போட்டு, நாங்கள் எல்லோரும் அதை மிதிக்காமல் தாண்டித் தாண்டித்தானே நடக்கக் கற்றோம்? யாரோ ஒரு பம்பாய் ஓவியன், இரண்டு அமெரிக்க போஸ்ட்கார்டுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு ஸ்டுடியோவுக்குத் திரை வரைந்திருக்கிறான். பணக்காரனாகத் தெரிய விரும்புகிறவனுக்கு இடப்பக்கம் கேசினோ, படித்தவனாகத் தெரிய விரும்புகிறவனுக்கு வலப்பக்கம் காலேஜ். எல்லாம் முடிந்ததும் தள்ளி நின்று பார்த்திருப்பான். இத்தனை விளக்குப் போட்ட வீடு, கண் படாதா? ஒரு எலுமிச்சையும் ஏழு மிளகாயும் கட்டிவிட்டுத்தான் தூரிகையைக் கழுவியிருப்பான்.

அந்த உறையைப் பிரித்தபோது ஈரம் காயாத வாசம் அடித்ததும் ஞாபகம் வந்தது. ஏழு கடல் தாண்டி வந்த படத்தில், ஸ்டுடியோவில் படம் கழுவுகிற காடியின் வாசம் எப்படி மிச்சமிருக்கும்?

மாமா அமெரிக்கா வரவே இல்லை. அந்த மூன்று வருஷமும் பம்பாயிலேதான் எங்கோ இருந்திருக்கிறார். பேச்சி அத்தை செத்த அன்றும்.

மதியம் டோலோரஸ் என்னை விடவில்லை. “முகம் சரியில்லை, சாப்பிட வாருங்கள்,” என்று ஒரு தெருவோர மெக்சிகோ வண்டிக்குக் கூட்டிப்போனார். சோள ரொட்டியில் கறி. தட்டின் ஓரத்தில் பாதி எலுமிச்சை, பக்கத்தில் ஒரு வறுத்த பச்சை மிளகாய். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்ன, காரம் ஆகாதா?”

“இல்லை. இதைத்தான் நாங்கள் வாசலில் கட்டுவோம்.”

“எதற்கு?”

“கெட்டது உள்ளே வராமல் இருக்க.”

 “நாங்கள் தின்றுவிடுகிறோம். கெட்டது எங்கள் வீட்டுக்கு வந்துபோயிருப்பதற்கு அதுதான் காரணமோ என்னவோ,” என்று சொல்லி என் தட்டின் எலுமிச்சையை என் ரொட்டிமேல் பிழிந்தார்.

அப்போது தங்கத்தின் வீடியோ அழைப்பு. அங்கே நடுராத்திரி, கேன்டீன் இரவு வேலை முடிந்த நேரம். வடாலா பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் ஹார்பர் லைன் ரயில் ஒன்று இருமிக்கொண்டு போனது.

“கெடச்சிதாலே?”

“கட்டடம் கெடச்சிட்டு.”

“உசுரோட நிக்கா?”

“இடிச்சிட்டானுவ. படம் இருக்கு.”

“அப்பா சொன்னது பக்கா பாத்தியா!” அவள் முகம் அப்படி மலர்ந்ததை நான் வெகுநாள் பார்த்ததில்லை. “சரி, தூரம்? தூரம் எப்படிலே இருக்கு?”

டோலோரஸ் தமிழ் தெரியாமல் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரொம்பத் தூரம் தங்கம்,” என்றேன்.

மிச்ச நாட்கள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்தேன். ஒரு சாயங்காலம் ஐந்து நிமிஷம் மழை பெய்தது. பாலைவனத்துச் செடிகளிலிருந்து ஒரு வாசம் எழுந்து ஊரையே ஆக்கிரமித்தது, மருந்துக்கடையையும் மண்ணையும் சேர்த்து அரைத்த மாதிரி. மலைகள் நீலமாகி, பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டன. செல்வியிடம் கேட்டேன், “பொய் சொல்லிட்டுப் போன ஆளு, அதுக்கு ஒரு காரணம் வச்சிருப்பாரா?”

“பேஷன்ட் எல்லாரும் பொய் சொல்லுவாங்க மாமா,” என்றாள் குழந்தைக்குப் பால் கொடுத்தபடி. “வலிக்கலைம்பாங்க. அதுக்குக் காரணம் பெட்டுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கிற ஆளுதான்.”

திரையைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே டோலோரஸ் இரண்டு படங்களையும் பெரிதாக அச்செடுத்து, அமிலமில்லாத தாளில் சுற்றிக் கொடுத்தார். “அந்த ஓவியர் தப்பு எதுவும் செய்யவில்லை, தெரியுமா? ஜன்னல்களைக்கூட எண்ணி வரைந்திருக்கிறார்,” என்றார்.

பம்பாய் இறங்கியதும் ஈரம் கன்னத்தில் அறைந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் தாராவிக்குப் போனேன். தோல் வாசம், இட்லி வேகும் வாசம், சாக்கடை, அத்தர் எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. தங்கத்துக்கு அன்று கேன்டீன் லீவு. கோலி என்று நாங்கள் சொல்லும் ஒற்றை அறை வீடு. மாமா கட்டிலில். அந்தப் பத்து நாளில் இன்னும் கொஞ்சம் சின்னதாகியிருந்தார்.

“வாய்யா அமெரிக்கா!” என்றாள் தங்கம். “லேகியமெல்லாம் போயிச் சேந்துச்சா? இரி, பால் இல்ல, முக்குக்கடையில டீ வாங்கிட்டு வாரேன். அதுக்குள்ள படத்தக் காட்டி முடிச்சிராத என்ன?”

சொம்போடு அவள் படி இறங்கினாள். காட்டிவிட்டேன்.

மாமா ஒட்டகத்தைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார், தள்ளினார், மறுபடி கொண்டுபோனார். விரலால் முகப்பின் விளக்குகளைத் தடவினார். முதன்முதலாகப் பார்க்கிறவர் மட்டும்தான் ஒரு கட்டடத்தை அப்படிப் பார்ப்பார்.

“நெசமாவே இப்படித்தான் இருந்திச்சா?” என்றார்.

“ஆமா மாமா.”

“நல்லாத்தான் வரஞ்சிருக்கான்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “தெரிஞ்சிட்டு என்ன?”

தலையசைத்தேன். இடது கையைத் துண்டுக்குள்ளிருந்து எடுத்தார். இத்தனை வருஷத்தில் அந்தக் கையை முழுசாகப் பார்த்தது அன்றுதான்.

“மெஷினும் இல்ல, ஒரு எழவும் இல்ல. பெருவியாதி.”

தொழுநோய். அந்தச் சொல்லைச் சொல்லவே எங்கள் சந்தில் குரல் தாழும்.

“வடாலா ஆஸ்பத்திரியிலதான் மூணு வருசமும் கெடந்தேன். வெளிய தெரிஞ்சா பைப்புல தண்ணி புடிக்க உடமாட்டானுவ. பிள்ளையப் பள்ளிக்கூடத்துல ஒக்கார வைக்கமாட்டானுவ. பேச்சிதான் சொன்னா, அமெரிக்கான்னு சொல்லிருவோம்னு. ஞாயித்துக்கெழம பாக்க வருவா. ஒரு நா என்னய விக்ரோலிக்குக் கூட்டிட்டுப் போனா. அங்கன நம்மள யாருக்கும் தெரியாது. ஸ்டுடியோக்காரன் மூணு தெர வச்சிருந்தான். காசுமீரு, தாஜ்மகாலு, இது. நான் தாஜ்மகாலுன்னேன். திட்டுனா. ஆக்ராவுக்கு எவனாச்சும் ரயிலேறி வந்துருவான், அமெரிக்காவுக்கு எவன் வரப்போறான்னா.” சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்கியது. “நீ போயிட்ட.”

“அத்தை செத்தப்போ...”

“சேதி வந்திச்சு. நடந்தே வந்தேன். ஒரு மணி நேரம். தொண்ணூறடி ரோட்டுல, பஸ் ஸ்டாப்புல, துண்டத் தலையில போட்டுக்கிட்டு நின்னேன். என் முன்னாலதான் தூக்கிட்டுப் போனானுவ. மொகத்தப் பாத்தேன். அப்புறம் திரும்பி நடந்துட்டேன்.” கையை மறுபடி துண்டுக்குள் வைத்துக்கொண்டார். “தங்கம் தெனமும் அந்த ஆஸ்பத்திரி மதிலத் தாண்டித்தான் வேலைக்குப் போறா.”

படியில் செருப்புச் சத்தம். தங்கம் சொம்பும் மூன்று கிளாஸுமாக வந்தாள்.

“காட்டிட்டியா? ஒன்ன நம்பி ஒரு டீ வாங்கப் போவ முடியுதா?” சொம்பை இடுப்பில் இடுக்கியபடியே படத்தை எடுத்தாள். “அடேங்கப்பா! என்னா பெருசு! ஒட்டகத்தப் பாருங்கப்பா, பல்லுகூடத் தெரியுது.”

அவள் கண் ஒட்டகத்திலிருந்து கீழே இறங்கியது. வாசலுக்கு வந்தது. அங்கேயே நின்றது.

“அந்த எலுமிச்சங்கா எங்க?” என்றாள்.

மாமா என்னைப் பார்த்தார்.

“எலுமிச்சங்காயும் ஏழு மொளகாயும் இருக்கும்லா? நான் ஒண்ணு ரெண்டு எண்ணிப் படிச்சதே அதுலதான். அப்பாதான் அங்கன கட்டுனாருன்னு அம்மா சொன்னாளே?”

என் வாய்க்குள் பொய்கள் வரிசை கட்டி நின்றன. காற்றில் விழுந்திருக்கும். இது வேறு வருஷத்துப் படம். வெள்ளைக்காரன் அறுத்துப் போட்டிருப்பான். எல்லாமே நல்ல பொய்கள். “அது வந்து தங்கம்...” என்று முதல் பொய்யின் நுனியைப் பிடித்தேன்.

மாமா இடது கையை வெளியே எடுத்து, துண்டை ஒதுக்கி, மடியின்மேல் வெளிச்சத்தில் வைத்தார்.

“மருமவனே, நீ கெளம்பு. சாயங்காலம் ரயிலு கூட்டமாயிரும்,” என்றார் என்னிடம். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். பிறகு மாமா கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

“ஏட்டி தங்கம், அந்தச் சொம்பக் கீழ வச்சிட்டு இங்கன வந்து உக்காரு.”